புஷ்பத்தின் வாக்கு

என் மனைவியின் வாக்கை நான் களவாகப் போட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த நாடு தொடர்ந்து இருப்பதா, விலகுவதா என்று கேட்டு நடந்த அந்த வாக்கெடுப்பில், அவள் ஒன்றைச் சொல்ல, அவளுடைய தாளில் நான் மற்றதற்குப் புள்ளடி போட்டேன். தவறுதலாக அல்ல. கண்ணாடி போட்டிருந்தேன். காலை பதினொரு மணி, யன்னலால் நல்ல வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஒரு வாக்கால் ஒரு நாடு கவிழ்ந்துவிடவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் எழுபதைத் தாண்டிய பிறகு, எழுதாமல் இருக்கமுடியவில்லை.

இந்த நாட்டில் வாக்குத்தாள் தபாலில் வந்து, கதவில் உள்ள நீட்டு ஓட்டையால் விழும். வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. பீட்சாக்கடைத் துண்டுப்பிரசுரத்துக்கும் மின்சார பில்லுக்கும் நடுவில், கால்மிதியில், உங்கள் வாக்குக் கிடக்கும். விரலில் மை இல்லை, பொலிஸ் இல்லை, வரிசை இல்லை. வெங்காயத் தோல் கிடக்கும் சமையலறை மேசையில் வைத்து ஒரு புள்ளடி போட்டு, தாளை ஏ என்ற உறையில் ஒட்டி, கையெழுத்தும் பிறந்த திகதியும் எழுதிய படிவத்தோடு சேர்த்துப் பி என்ற உறையில் வைத்து, மூலையில் உள்ள சிவப்புத் தபால்பெட்டியில் போட்டால் சரி. யாரும் பார்க்காமல் தனியாகப் போடவேண்டும் என்று தாளில் எழுதியிருக்கிறது. ஆனால் எங்கள் வீடுகளில் அப்படி நடப்பதில்லை. எங்கள் வீடுகளில் படிவம் நிரப்ப என்று ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது நான். அகதி விண்ணப்பம், பிள்ளைகளுக்கான பெனிபிட், கவுன்சில் வரி, ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் நான்தான். கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடி போட்டுக் கொடுப்பேன். அதற்குப் பக்கத்தில் புஷ்பம் கையெழுத்து வைப்பாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று சனிக்கிழமை. புஷ்பம் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கொண்டுவந்து தந்தவன் அவளுடைய தம்பி அன்ரன். தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீதிக்கு அடுத்த வீதியில் அவனுடைய வீடு. கடைத்தெருவில் ஒரு மீன்கடையில் வேலை. சனிதோறும் ஒரு பையைக் கதவடியில் தந்துவிட்டுப் போய்விடுவான். அன்று மட்டும் உள்ளே வந்து, மேசையில் கிடந்த உறைகளைப் பார்த்தான்.

“வந்திட்டுதோ அத்தான்? எங்களுக்கு வோட் இல்லை. ஒல்லாந்துப் பாஸ்போர்ட்டுக்குத் தரமாட்டாங்களாம். நீங்கள் ரெண்டுபேரும்தான் எங்களுக்கும் சேத்துப் போடவேணும்.”

“அதுக்கென்ன, போட்டாப் போச்சு” என்றேன்.

“அக்காவை நம்பேலாது அத்தான். பேனையைக் குடுத்தா மீன்கறிக்குச் சாமான் லிஸ்ட் எழுதிப்போடுவா.”

“போடா. உனக்கு இண்டைக்கு வால்துண்டுதான்” என்றாள் புஷ்பம்.

அவன் சிரித்துக்கொண்டு போனபிறகு அவள் திரும்பாமலே சொன்னாள். “இஞ்சாருங்கோ, என்ரை கை முழுக்கச் செதில். என்ரையையும் நீங்களே போட்டுவிடுங்கோ. தம்பியாக்கள் இஞ்சை இருக்கிறமாதிரிப் போடுங்கோ. கையெழுத்து எங்கை எண்டு பிறகு காட்டுங்கோ, கழுவிப்போட்டு வாறன்.”

முதலில் என் தாளை எடுத்தேன். மேல் கட்டத்தில், ‘ரிமெய்ன்’, இருப்பதற்கு, புள்ளடி போட்டேன். அன்ரனுக்குச் சொன்ன சொல் அது. நாளைக்கு அவன் கேட்டால் வேதாகமத்தில் கைவைத்துச் சொல்லலாம். பிறகு புஷ்பத்தின் தாளை எடுத்து, கீழ்க் கட்டத்தில், விலகுவதற்கு, போட்டேன். மடித்து உறையில் வைத்து ஒட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள். படிவத்தின் ஓரத்தில் அவளுடைய விரலின் ஈரம் பட்டது. தபால்பெட்டிக்குப் போய்வந்து, அந்த மீன்கறியை இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டேன்.

காரணம் எரிச்சல். வேறு அழகான சொல் எதுவும் போடமாட்டேன். வெள்ளைக்காரர் சிலருக்கு ஐரோப்பியர் மேல் எரிச்சல் என்றார்கள். எனக்கு ஐரோப்பா முழுவதிலும் ஒரேயொரு ஆள்மேல்தான் எரிச்சல்.

நான் யாழ்ப்பாணத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்தவன். அன்ரன் என் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவன். ரைன் நதி எங்கே தொடங்கி எங்கே கடலில் விழுகிறது என்று நான் கரும்பலகையில் நீலச் சோக்கால் கீறும்போது, அவன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். அவனுடைய அக்காவை நான் மணமுடித்த அன்று, அதுவரை ‘மாஸ்ரர்’ என்று கூப்பிட்டவன் முதல்தரமாக ‘அத்தான்’ என்றுவிட்டு, வெட்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு எல்லோரும் ஓடினோம். நானும் புஷ்பமும் லண்டனுக்கு வந்துசேர்ந்தோம். அவன் ஒல்லாந்தில் போய் விழுந்தான். ரைன் நதியை நான் கரும்பலகையில்தான் பார்த்திருந்தேன். அவன் அதன் ஒரு கிளையைச் சைக்கிளில் கடந்து பத்து வருடம் வேலைக்குப் போனான்.

எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இந்த நாடு பதில் சொல்லப் பதினொரு வருடம் எடுத்தது. பகலில் பெட்ரோல் நிலையத்தில் காசாளர் வேலை, வருடத்துக்கு இரண்டு மூன்றுதரம் குரொய்டனில் குடிவரவு அலுவலகத்தின் முன்னால் குளிருக்குள் வரிசை. பயணப் பத்திரம் இல்லை. வெளியே போனால் திரும்பி வரமுடியாது. அதற்குள் அன்ரனுக்கு ஒல்லாந்துக் குடியுரிமை கிடைத்துவிட்டது. என் அம்மா நீர்கொழும்பில் ஒரு வாடகை அறையில் இறந்தபோது நான் போகமுடியவில்லை. அவன் போனான். யாரும் கேட்காமலே லீவு எடுத்து, டிக்கெட் எடுத்து, எனக்காகப் போனான். செத்தவீட்டு வீடியோ கசெட் தபாலில் வந்தது. அம்மாவின் பெட்டியைத் தலைமாட்டில் தூக்கிக்கொண்டு வருகிறவன் அன்ரன். மகன் நிற்கவேண்டிய இடத்தில், என் கறுப்புக் கோட்டைப்போல ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு, அழுதபடி வருகிறான். புஷ்பம், “பாருங்கோ, தம்பி உங்கட இடத்தை வெறுமையா விடேல்லை” என்றாள். நன்றிதான் வந்திருக்கவேண்டும். எனக்கு அந்தக் கசெட்டை அடுப்பில் போடவேண்டும் போல இருந்தது. நல்லது செய்த ஒருவன்மேல் வருகிற எரிச்சல் ஆறுவதில்லை. அவனில் ஒரு பிழை கிடைத்தால்தான் அது ஆறும். அவனிடம் பிழை இல்லை.

எங்களுக்குக் கடதாசி கிடைத்து இரண்டு வருடத்தில் அவன் மனைவி பிள்ளைகளோடு லண்டனுக்கு வந்தான். அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டுமாம். ஒரு வான் வண்டியில், கூரையில் மூன்று சைக்கிளைக் கட்டிக்கொண்டு, மடியில் சோற்றுப் பானையோடு வந்து எங்கள் வாசலில் இறங்கினார்கள். “போடரிலை என்ன கேட்டவங்கள்?” என்றேன். “ஒண்டும் கேக்கேல்லை அத்தான். பாஸ்போர்ட்டின்ரை மட்டையைப் பாத்தாங்கள், கையைக் காட்டினாங்கள், வந்திட்டம்.” அவன் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் கேட்டேன், சொன்னான். ஆனால் அந்தக் கை காட்டல் என் நெஞ்சில் பதின்மூன்று வருடம் கிடந்தது. பென்சிலோடு புஷ்பத்தின் தாளுக்கு முன்னால் நான் இருந்தபோது நினைத்ததும் அதைத்தான். அவனும் ஒருதரம் வரிசையில் நிற்கட்டும்.

முடிவு தெரிந்த காலையில் அன்ரன் மீன்கடை உடுப்போடு வந்து எங்கள் கதிரையில் இருந்தான். புஷ்பம் அவனுடைய தலையைத் தடவி, “நாங்கள் ரெண்டுபேரும் போட்டனாங்கள் தம்பி. போட்டும் வெல்லேல்லை” என்று அழுதாள். அவன் என்னைப் பார்த்தான்.

“நான் உனக்குத்தான் போட்டனான் அன்ரன்” என்றேன். உண்மை. அந்த உண்மையைச் சொல்வதற்காகவே நான் அப்படிப் போட்டிருந்தேன்.

பிறகு மூன்று வருடம் இந்த நாடு ஒரே விஷயத்தைப் பேசியது. சொன்னதைச் சொன்னபடி செய்வதா, இன்னொருதரம் கேட்பதா? பஸ்ஸில், பல் வைத்தியரின் வரவேற்பறையில், நூலகத்தில், எங்கும் அதுதான். பக்கத்து வீட்டு கீத் என்ற வெள்ளைக்காரர், ஓய்வுபெற்ற ரயில்காரர், வேலிக்கு மேலால் என்னிடம், “ஒருதரம் கேட்டார்கள், நாங்கள் சொன்னோம், முடிந்தது. பிடித்த பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதா?” என்றார். நான் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. “உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் முறையாக வரிசையில் நின்று வந்தவர்கள்” என்று சேர்த்துக்கொண்டார். பொய்க் கடவுச்சீட்டில் வந்து இறங்கியவன் நான். அதை அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்த ‘வரிசை’ என்ற சொல் எனக்கு இனித்தது. வீட்டுக்குள் வந்து புஷ்பத்துக்குச் சொல்லாமல் அதையே இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பொறாமையும் இருந்தது. அது இந்த நாட்டின் மேல். ஒரு சனத்தைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, சொன்ன பதிலைத் திரும்பவும் கேட்கலாமா என்று பாராளுமன்றத்தில் தொண்டை கிழியச் சண்டை பிடிக்கிறார்கள். எங்களை யாரும் ஒருதரமேனும் அப்படிக் கேட்டதில்லை. எத்தனை ஆயிரம் பேர் செத்தபிறகும் கேட்கவில்லை. தொலைக்காட்சியில் அந்த விவாதங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த வீட்டுப் பிள்ளைகள் சோற்றுக் கோப்பையைத் தள்ளி விளையாடுவதைப் பசியோடு பார்த்துக்கொண்டிருப்பவன் போல இருக்கும் எனக்கு. இப்படி நினைத்தவன்தான் தன் வீட்டில் ஒருத்திக்குக் கிடைத்த கேள்விக்குத் தானே பதில் எழுதி ஒட்டினான்.

எங்கள் பங்குத் தேவாலயத்தில் மாதம் ஒருதரம் தமிழ்ப் பூசை. பூசை முடிய மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும். ஒரு ஞாயிறு, முதியோர் சங்கத்தார் பட்டிமன்றம் வைத்தார்கள். தலைப்பு: மதிப்பதா, மறுபடி கேட்பதா? மாஸ்ரர் என்பதால் ஒரு அணிக்கு என்னைத் தலைவராகப் போட்டார்கள். நான் ‘மதிப்பது’ அணியைக் கேட்டு வாங்கினேன். மறுபடி கேட்டால் மறுபடி உறை வரும், மறுபடி புஷ்பம் சமையலறையில் நிற்பாள். அந்தப் பயம்தான்.

அன்று என் கைவசம் இருந்த பழைய கதையைச் சொன்னேன். ஊரில் ஒரு தேர்தல். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்திலேயே வாக்குச்சாவடி. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மேசையில் இருந்தவர் என்னோடு படிப்பித்த ஒருவர். பட்டியலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “மாஸ்ரர், உங்கட வோட் காலமையே விழுந்திட்டுது.” என் பெயருக்கு மேல் அடிமட்டம் வைத்துக் கீறிய ஒரு சிவப்புக் கோடு. மை படாத விரலோடு வீட்டுக்கு வந்தேன். “போடப்பட்ட ஒரு வாக்கின் அருமை எங்களுக்குத் தெரியும். அதைக் கிழித்தெறியச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை” என்று முடித்தேன். மண்டபம் கைதட்டியது. எங்கள் அணி வென்றது.

புஷ்பம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் கேட்டாள். “நல்லாத்தான் பேசினீங்கள். ஆனா நீங்கள் ரிமெய்னுக்கெல்லோ போட்டனீங்கள். பிறகேன் உந்தப் பக்கம்?”

“பட்டிமன்றம்தானே புஷ்பம். தந்த பக்கம் பேசவேணும்.”

“தந்தவையோ? நீங்கள் கேட்டு வாங்கினது எண்டு சங்கத்திலை சொல்லிச்சினம்.”

நான் யன்னலைப் பார்த்தேன். அடுத்த மாதம் மறுவாக்கெடுப்புக் கேட்டு நகரில் ஒரு பெரிய ஊர்வலம் நடந்தது. அவள் பூசைக்குக் கட்டும் சேலையும் நடைச் சப்பாத்துமாகத் தம்பியின் பிள்ளைகளோடு போனாள். ஒரு மட்டையில் ஆங்கிலத்தில் ‘நான் என் தம்பிக்காக வாக்களித்தேன்’ என்று எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னிடம்தான் காட்டினாள். பிழை இல்லை என்றேன்.

அன்ரன் போனது அதற்கடுத்த வருடம். போகத் தேவையில்லை, விண்ணப்பித்தால் இருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானே படிவம் நிரப்பித் தருகிறேன் என்றேன். அவன் தலையை ஆட்டினான். “இருக்கலாம் எண்டு ஃபோனிலை ஒரு மெசேஜ்தான் வருமாம் அத்தான். கையிலை ஒரு துண்டும் தரமாட்டாங்களாம். கடதாசி இல்லாமல் ஒரு நாட்டிலை என்னாலை படுத்து நித்திரை கொள்ள ஏலாது. உங்களுக்குத் தெரியாதே?” எனக்குத் தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்? அவன் வானில் சாமான் ஏற்றும்போது கூரையில் சைக்கிள் கட்ட நான்தான் கயிறு பிடித்தேன். வான் திரும்பி மறைந்தபிறகும் புஷ்பம் வாசலில் நின்றாள். அடுத்த சனிக்கிழமை கதவுமணி அடிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவள் கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள்.

நான் வேண்டியது நடந்துவிட்டது. அடுத்த வீதியில் அந்த வீட்டில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். எரிச்சல் மட்டும் போகவில்லை. அவனுக்குப் போக ஒரு இடம் இருந்ததே என்று புதிதாகத் தொடங்கியது. அன்றுதான் எனக்கு என்னைப் பார்த்துப் பயம் வந்தது.

அதற்குப்பிறகு, பட்டிமன்றத்தில் வென்ற நான், மறுவாக்கெடுப்பு வரவேண்டும் என்று செபமாலை சொன்னேன். வந்தால் அவளுடைய தாளை அவள் கையில் கொடுத்துவிடலாம், அவள் விருப்பப்படி போடுவாள், பழையது அழிந்துவிடும், யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை. டிசம்பரில் பொதுத்தேர்தல் வந்தது. விலகும் பக்கம் வென்றது, அதோடு அந்தப் பேச்சே ஓய்ந்தது. கீத் வேலிக்கு மேலால் பெருவிரலைக் காட்டினார். இனி என் வாயைத் தவிர வேறு வழியில்லை.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குத்தந்தை ஐரிஷ்காரர், வயதில் இளையவர். “வாக்கெடுப்பில் விலகுவதற்கு வாக்களித்தேன், ஃபாதர்” என்று தொடங்கிவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. “அது பாவமில்லை. அது பாவமென்றால் இந்தப் பங்கில் பாதிப்பேர் வெளியே வரிசையில் நிற்கவேண்டிவரும்.” மன்னிப்புச் செபத்தைத் தொடங்கப்போனார். நிறுத்தி, அந்த வாக்கு என்னுடையதல்ல என்று விளங்கப்படுத்தினேன். சிரிப்பு நின்றது. “உங்கள் மனைவிக்குத் தெரியுமா?” இல்லை என்றேன். “அப்படியானால் நீங்கள் தவறான ஆளிடம் வந்திருக்கிறீர்கள்” என்றார். பிறகு, என்னை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமலோ என்னவோ, ஒரு செபமும் தந்தார்.

அன்று பின்னேரம், அதே மேசையில், புஷ்பத்திடம் சொன்னேன். அவள் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

“உங்கட வோட்டை எதுக்குப் போட்டனீங்கள்?”

“ரிமெய்னுக்கு.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நாற்பது வருடத்தில் நான் கேட்டதில்லை. “அப்ப உங்கட பேரிலை நல்லவர். என்ரை பேரிலை கெட்டவ.”

இன்னொரு பயற்றங்காயை எடுத்தாள். “ஊரிலை உங்கட பேருக்கு மேலை ஆரோ கோடு கீறினதெண்டு மூண்டு நாள் சோறு தின்னேல்லை நீங்கள். நினைவிருக்கோ? ஆரெண்டு தெரிஞ்சால் கொல்லுவன் எண்டு கத்தினீங்கள். நான்தான் பழஞ்சோறு கரைச்சுத் தந்து படுக்கவைச்சனான்.” முறித்த பயற்றங்காயைக் கோப்பையில் போட்டாள். “எனக்கு ஆரெண்டு தெரியும். நான் என்ன செய்ய?”

“அடுத்த தேர்தலிலை என்ரை வோட்டையும் நீரே போடும்” என்றேன். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய பரிகாரமாகத் தோன்றியது.

“எனக்கு உங்கட வோட் வேண்டாம். என்ரை வோட் வேணும். அண்டைக்குப் போட இருந்த வோட். தாங்கோ பாப்பம்.”

அடுத்த கிழமை அவள் கவுன்சிலுக்குத் தானே கடிதம் எழுதித் தபால் வாக்கை நிறுத்தினாள். கடிதத்தை என்னிடம் காட்டவில்லை. அன்றிலிருந்து அவளுடைய படிவங்களை அவளே நிரப்புகிறாள். சில சொற்களுக்கு மகளை ஃபோனில் கேட்கிறாள். அடுத்த தேர்தலுக்கு மழைக்குள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாள். நான் குடையோடு கேற்றடியில் நின்றேன். வெளியே வந்தபோது பழக்கத்தில், “ஆருக்குப் போட்டனீர்?” என்று கேட்டுவிட்டேன்.

“அது ரகசியம் எண்டெல்லோ சட்டம்” என்றாள். குடைக்குள் வந்தாள். அந்தளவுக்காவது வந்தாளே என்று நினைத்துக்கொண்டேன்.

“தம்பிக்கும் நீங்கள்தான் சொல்லவேணும். ஃபோனிலை இல்லை. முகத்துக்கு நேரை” என்று அவள் வைத்த நிபந்தனைதான் கடைசியாக மிஞ்சியது. நோய்க்காலம் முடிந்து, போன வருடம், சொந்தத்தில் ஒரு ஞானஸ்நானத்துக்கு அன்ரன் லண்டன் வந்தான். எங்கள் வீட்டில்தான் தங்கினான். திரும்பும்போது நாங்கள் இருவரும் அவனோடு ஒல்லாந்து போய் ஒரு மாதம் நிற்பதாக ஏற்பாடு. புறப்படும் நாள் காலை, பெட்டிகள் வாசலில் இருக்க, மேசையில் தேநீரோடு அவன் இருந்தபோது சொன்னேன். மீன் செதில், இரண்டு தாள், மேல் கட்டம், கீழ்க் கட்டம், கசெட், வான், எல்லாம் சொன்னேன். அவன் தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தான்.

“அக்கா, உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம்” என்றாள் புஷ்பம்.

“ஒரு வோட்டாலையே நான் போனனான்? விடுங்கோ.” தேநீரைக் குடித்து முடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். “அம்மாவை நான் தூக்கினது உங்களுக்காக எண்டுதான் நினைச்சனான்” என்றான், தண்ணீர்க் குழாயைப் பார்த்தபடி. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும், மாஸ்ரர்?”

நாற்பது வருடத்துக்கு மேலாக அத்தான். அந்தச் சொல்லை அவன் கோபமாகக் கழற்றி எறியவில்லை. மரியாதையோடு எடுத்து வைத்துவிட்டான்.

விமானத்தில் புஷ்பம் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தாள். அம்ஸ்ரடாமில் இறங்கி நீண்ட நடைபாதையால் நடந்து, கடவுச்சீட்டுச் சோதனைக்கு வந்தோம். மேலே இரண்டு பலகைகள். ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டுகளுக்கு ஒரு பக்கம், அங்கே ஆட்கள் நிற்காமல் நடந்துகொண்டிருந்தார்கள். மற்றப் பக்கத்தில் கயிறு கட்டி மடித்து மடித்து விட்ட ஒரு வரிசை. அன்ரன் நின்று, கையால் மெதுவாகக் காட்டினான்.

“மாஸ்ரர், உங்கட வரிசை அந்தப் பக்கம்.”

குத்திக் காட்டவில்லை. வழி தெரியாதவருக்கு வழி சொல்வதுபோலத்தான் சொன்னான். அக்காவின் கைப்பெட்டியை வாங்கிக்கொண்டு, தன் வாசலால் போனான். நாங்கள் முக்கால் மணித்தியாலம் நின்றோம். முன்பெல்லாம் பயணத்தில் இரண்டு கடவுச்சீட்டுகளும் என் கையில்தான் இருக்கும். இப்போது அவளுடையது அவள் கையில். அதிகாரி அவளை முதலில் கூப்பிட்டார், அவள் தனியாகப் போய்ப் பேசிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் முறை வந்தது. எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள் என்று அதிகாரி கேட்டார். மனைவியின் தம்பி வீட்டில் என்றேன். “நீங்கள் வருவது அவருக்குத் தெரியுமா?” அவர் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. நான் கண்ணாடிக்கு அப்பால் காட்டினேன். அங்கே புஷ்பமும் அன்ரனும் நின்றார்கள். அவன் போய்விடவில்லை. அதிகாரி அவனைப் பார்த்தார். இவர் உங்கள் ஆள்தானா என்று அவனைக் கேட்பதுபோல என்னை நோக்கி விரலை நீட்டினார். அதற்குப் பதில் நான் சொல்ல ஏலாது, அந்தப் பக்கம் நிற்கிறவன்தான் சொல்லவேண்டும்.

அன்ரன் சற்று நேரம் அப்படியே நின்றான். பிறகு அக்காவின் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் காட்டினான்.